தொண்டனைச் சோதிக்கலாமா?

சென்ற திங்களில் நமது சங்கங்களுள் ஒன்றின் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்தது. சங்கத்தின் மாலை வகுப்புகளிற் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லவும், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் முன்வரும் தொண்டர்கள் தம்மைப்பற்றிய விவரங்களை எழுத்தில் தரவேண்டும். முன்னர் எங்கே தொண்டு செய்தனர் என்று கூறவேண்டும். அவர்களை அறிந்த இருவரைச் சங்கம் விசாரிக்கும் என்பது அத்தீர்மானம். காரியதரிசி படித்து முடிக்குமுன்பே வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர் எழுந்துவிட்டார். நாற்பதாண்டு காலம் சங்கத்துக்கு உழைத்தவர். மழையென்றும் வெயிலென்றும் பாராமல் தோட்டந்தோட்டமாகச் சென்று சந்தா சேர்த்தவர். “கூலி கேளாமல் உழைக்க வருகிறவனைக் களவு செய்தவனை விசாரிப்பதுபோல் விசாரிப்பதா? என்னை யார் விசாரித்தார்கள்? இப்படிக் கேட்டால் மானமுள்ளவன் எவன் வருவான்?” என்றார். பலர் கைதட்டினர். தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அக்கூட்டத்தில் யானும் இருந்தேன். பெரியவரின் கேள்விக்கு விடை கூற வேண்டிய கடமை வேறெவரினும் எனக்கே மிகுதியாக உண்டு. ஆயினும் நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன். முதற்கண் அவர் சொல்லை நடுநிலையில் நின்று எடைபோடுவோம்.

அவர் கூற்றிற் பொருள் இல்லாமலில்லை. தொண்டு என்பது ஒருவன் தன் ஓய்வையும் உடலுழைப்பையும் தானே கொணர்ந்து பொதுவில் வைக்கும் கொடை. நம் மக்களிடையே தொண்டர் என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. 1946, 1947 ஆம் ஆண்டுகளிற் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்று போலீசாரின் அடியையும் தாங்கினர். அத்தகையோர் வழியில் வந்த ஒருவனை நோக்கி, “நீ நல்லவன்தானா? சான்று காட்டு” என்பது கொடுமையாகவே தோன்றும். மேலும் ‘சோதனை’ என்னும் சொல்லே நம்மவர் செவியில் ‘துன்பம்’ என்னும் பொருளில் அன்றோ விழுகிறது! வீட்டில் ஓர் இடர் வந்தால் “ஆண்டவன் சோதிக்கிறான்” என்கிறோம். ஆகவே சோதிப்பவன் நமக்குப் பகைவனாய்த் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால், “என்னை யார் விசாரித்தார்கள்?” என்று அவர் கேட்டாரே, அங்கேதான் யான் அவரோடு மாறுபடுகிறேன். விசாரிக்காமல் நாம் எவரையும் சேர்த்துக்கொண்டதே இல்லை. நாற்பதாண்டுக்கு முன்பு அவர் சங்கத்தின் படியேறியபோது, “தம்பி யார் மகன்? எந்தத் தோட்டம்? ஊரில் எந்தப் பக்கம்?” என்று கேட்கப்பட்டிருக்கும். ஊர்ப்பெயரைக் கேட்பதன் உட்கருத்து யாது என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. விடை கேட்பவருக்குப் பிடித்தமாயிருந்தால் நாற்காலி கிடைக்கும். பிடியாவிடில், “அடுத்த மாதம் வா, பார்ப்போம்” என்ற சொல் கிடைக்கும். கிராணியாரின் உறவினன் ஒருவன் வந்தால் அன்றே கணக்குப் புத்தகம் அவன் கைக்குப் போகும். லயத்திலிருந்து வந்த பையன் பந்தற்கால் நட்டு, நாற்காலி சுமந்து, பத்தாண்டு கழிந்தபின்பும் ‘பையன்’ ஆகவே இருப்பான். இது சோதனை அன்றா? சோதனையே. பிறப்பையும் உடையையும் உறவையும் சோதித்தோம்; நடத்தை ஒன்றைத்தான் சோதிக்காமல் விட்டோம். சாதி ஒழிக என்று மேடையில் முழங்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் இவ்வாறு ஆள் எடுத்தவர்கள் நம்மிற் சிலர்தாமா?

ஆதலால் நம்முன் உள்ள கேள்வி, சோதிப்பதா வேண்டாவா என்பதன்று. எதனைச் சோதிப்பது என்பதே. ஆண்டுதோறும் விழா எடுக்கும் திருவள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். திருக்குறளின் 51 ஆம் அதிகாரம், தெரிந்து தெளிதல். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் அவன்மேல் ஐயங்கொள்வதும் ஆகிய இரண்டும் ஓயாத் துன்பந் தரும் என்பது அங்கே அவர் முடிவு. ஒருவனது உயர்வுக்கும் தாழ்வுக்கும் அவனுடைய செய்கையே உரைகல் என்பதும் அவ்வதிகாரத்திலேயே உள்ளது. குடிப்பிறப்பை ஒரு தகுதியாகக் கூறும் குறளும் அங்கு உண்டு. அதனை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. எனினும் அதற்கு மூன்று குறள் கழித்துச் செய்கையை உரைகல்லாக வைத்த ஆசிரியரிடமிருந்து நாம் எதனை எடுத்துக்கொண்டோம், எதனை விட்டோம் என்பதே சிந்திக்கத் தக்கது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நான்கினாலும் ஒருவனை ஆராயவேண்டும் என்பதற்கு உரைகண்ட பரிமேலழகர், அரசன் மறைவாக ஆள் ஏவி ஆசை காட்டியும் அச்சமூட்டியும் பார்க்கும் முறையை விரிக்கிறார். சாணக்கியரின் அர்த்தசாஸ்திரத்திலும் அமைச்சரைத் தேர்வதற்கு இதே நான்கு சூழ்ச்சிகள் சொல்லப்படுகின்றன. அரசர்களுக்கு அது பொருந்திற்றோ என்னவோ, சங்கங்களுக்குப் பொருந்தாது. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்ப்பவன், தானே ஒரு கள்ளனாகி விடுகிறான். தொண்டனிடம் கேட்கவேண்டியதை நேரே கேட்கவேண்டும். விசாரிக்கப் போவதை அவனுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும். வந்த செய்தி அவனுக்குப் பாதகமாயிருந்தால், மறுமொழி கூற அவனுக்கு இடந்தர வேண்டும். ஒளிவுமறைவின்றிச் செய்யும் விசாரணையில் அவமானம் இல்லை.

பெருந்தலைவர்கள் இப்பாடத்தை இரத்தத்தில் எழுதிக் கற்றனர். 1922 பிப்ரவரி 4 ஆந் தேதி, ஐக்கிய மாகாணத்துச் சௌரி சௌரா என்னும் சிற்றூரில் ஒத்துழையாமைத் தொண்டர்கள் முன்னின்ற ஊர்வலத்தின்மீது போலீசார் துப்பாக்கியாற் சுட்டனர். சினந்த கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீயிட்டது. இருபதுக்கு மேற்பட்ட காவலர் மாண்டனர். அகிம்சைப் பிரமாணத்தில் ஆயிரமாயிரம் பேர் கையொப்பமிட்டிருந்த காலம் அது. கையொப்பம் வேறு, பயிற்சி வேறு என்பதை அன்று நாடு கண்டது. காந்தியடிகள் இயக்கத்தையே நிறுத்தினார். எட்டாண்டு கழித்து, 1930 இல் உப்பெடுக்கத் தண்டிக்குப் புறப்பட்டபோது அவர் நாடெங்குமிருந்து ஆள் திரட்டவில்லை. தம் ஆசிரமத்தின் ஒழுங்கிற் பழகிய 78 பேரையே அழைத்துக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியம் சென்ற இராஜாஜியின் படையும் ஏறத்தாழ நூறு பேர்தாம். போகிற வழியெல்லாம் ஆயிரக்கணக்கானோர் வரவேற்றனர். நடந்தவர்களோ எண்ணி எடுக்கப்பட்டவர்கள். தேர்ந்தெடுத்ததனால் எவருடைய தேசபக்தியும் இழிவடையவில்லை.

அரசியற் போர் வேறு, பிள்ளைகளின் வகுப்பு வேறு என்பீர்கள். உண்மை. வகுப்பில் ஆபத்து இன்னும் பெரிது. ஏனெனில் அங்கே தாக்கப்படுபவர் வாய்திறக்க மாட்டார்.

அமெரிக்கச் சாரணர் சங்கத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1910 இல் தோன்றிய அச்சங்கம், சிறுவரிடம் தகாதவகையில் நடந்த தலைவர்களின் பெயர்களைத் தனிக் கோப்புகளில் எழுதி வைத்தது. ‘தகுதியற்ற தொண்டர்’ கோப்புகள் என்பது அவற்றின் பெயர். பல பத்தாண்டுகள் அவற்றைப் பூட்டி வைத்திருந்தனர். தீயவனை மறுபடி உள்ளே விடாமல் தடுப்பதே நோக்கம் என்றனர். நோக்கத்தைக் குறைகூற முடியாது. ஆனால் நடந்தது யாது? போலீசாருக்குச் சொல்லாமல் விட்ட சந்தர்ப்பங்கள் பல. பெற்றோருக்குச் சொல்லாமல் விட்டவை பல. “உடல்நலக் குறைவு”, “தொழில் மாற்றம்” என்று காரணம் சொல்லி விலகிக்கொள்ள இடந்தந்தனர். ஓரூரில் நீக்கப்பட்டவர் வேறோர் ஊரில் மீண்டும் சாரணரிடையே தோன்றியதும் உண்டு. ஆரிகன் மாநிலத்து உயர் நீதிமன்றின் ஆணைப்படி 2012 அக்டோபரில், 1965 முதல் 1985 வரையிலான 1,200க்கு மேற்பட்ட கோப்புகள் உலகின் பார்வைக்கு வந்தன. 2020 பிப்ரவரியில் அச்சங்கம் கடன் தீர்க்க இயலாமை கூறி நீதிமன்றம் புகுந்தது. தாங்கள் சிறுவயதிற் கெடுக்கப்பட்டோம் என்று முறையிட்டு வந்தோர் 82,000க்கு மேல். நூறாண்டு வயதை நெருங்கிய அச்சங்கம், தொண்டர் அனைவரின் குற்றப் பதிவையும் பார்க்கும் விதியை 2008 இல்தான் முழுமையாக்கியது.

எண்பத்தீராயிரம்! அத்தனைக்கும் அங்கே அறியாமை இருந்ததா? இல்லை. பெயர்கள் கோப்பில் இருந்தன. வாய்தான் இல்லை. நல்ல பெயர் கெட்டுவிடும் என்று எவருடைய பெயரைக் காத்தனர்? சங்கத்தின் பெயரை.

அமெரிக்காவைக் குறைகூற எனக்கு என்ன தகுதி என்று கேட்கிறீர்களா? இப்போது என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் சங்கத்தில் யான் காரியதரிசியாக இருந்தேன். பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி வந்தோம். ஆசிரியர் கிடைப்பது அரிதாயிருந்த காலத்தில் இளைஞர் ஒருவர் தாமே வந்தார். இனிய தமிழ் பேசினார். ஆங்கிலமும் மலாயும் கணிதமும் கற்பிக்க வல்லவர். வேறோர் ஊரில் ஒரு சங்கத்திலே தொண்டு செய்ததாகக் கூறினார். எந்தச் சங்கம், ஏன் அங்கிருந்து விலகினீர் என்று யான் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே: “தம்பி, வாரத்தில் எத்தனை நாள் வரமுடியும்?” நான்கு நாள் என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அதற்கு முந்திய வாரந்தான், தோட்டத்தில் லாரி ஓட்டும் ஒருவர் பிள்ளைகளுக்கு உதைபந்து பழக்க முன்வந்தபோது, அவருடைய படிப்பென்ன, குடிப்பழக்கமுண்டா, யாருக்குத் தெரிந்தவர் என்று அரை நாழிகை குடைந்திருந்தேன். அவர் பின்னர் வரவேயில்லை.

எட்டு மாதம் சென்றது. ஒருநாள் மாலை செம்பனைத் தோட்டத்திற் பழம் பொறுக்கும் ஓர் அம்மாள் என் வீட்டின் பின்வாசலில் வந்து நின்றார். முன்வாசலுக்கு வாருங்கள் என்றும் வரவில்லை. “ஐயா, எம்பொண்ணு இனிமே வகுப்புக்கு வராதுங்க. பாடம் முடிஞ்சதும் அந்தச் சாரு அத மட்டும் இருக்கச் சொல்றாராம். கேட்டா அழுவுது” என்றார். அவ்வளவே சொன்னார். அதற்குமேற் கேட்கும் துணிவு எனக்கும் இல்லை.

நிர்வாகத்தார் ஐவர் கதவடைத்துப் பேசினோம். சங்கத்தின் பெயர், வகுப்பின் எதிர்காலம், பெண்ணின் மானம் என்று பலவும் பேசினோம். பெண்ணின் மானத்தைக் காப்பதற்கென்றே வாய்மூடுவதாக நாங்கள் மெய்யாகவே நம்பினோம். அவரை அழைத்து விலகிக்கொள்ளச் சொன்னோம். வேலை மாற்றம் என்று எழுதிக்கொடுத்தார். ஒன்றும் அறியாத மற்றைய அங்கத்தினர் வழியனுப்பு உபசாரம் ஏற்பாடு செய்தனர். அதில் அவர் கழுத்தில் மாலையிட்டவன் யான். காரியதரிசி என்ற முறையில் இடவேண்டியதாயிற்று என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் முன்பிருந்த சங்கம் எதுவென விசாரித்து அதன் பொறுப்பாளர் ஒருவருக்கு எழுதினேன். அவர் விடையில் எங்கள் கதையே இருந்தது. அங்கும் ஒரு பிள்ளை. அங்கும் கதவடைத்த கூட்டம். “நீங்கள் முன்னமே கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்” என்று முடித்திருந்தார். அவ்வரியைக் கண்டு எனக்குச் சினம் பொங்கிற்று. கேளாமலே சொல்லியிருக்கக் கூடாதா என்று கருதினேன். ஆனால் யான் யாருக்குச் சொன்னேன்? இரண்டாண்டு கழித்துப் பத்திரிகையின் சமூகச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் கண்டேன். மூன்றாவதோர் ஊரில், பிள்ளைகளின் நடுவே, அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அன்றிரவே அச்சங்கத்தாருக்கு எழுதினேன். மறுநாள் போலீசிலும் சொன்னேன். இரண்டாண்டுக் காலத் தாமதம். அந்த அம்மாளின் மகள் மீண்டும் வகுப்புக்கு வரவில்லை. நாங்களும் போய் அழைக்கவில்லை.

கூட்டத்தில் என் நா எழாத காரணம் இதுவே.

ஆகவே பெரியவர் அவர்களே, தங்களிடம் யான் பணிவுடன் கூறுவது இது. விசாரணை தொண்டனுக்குச் செய்யும் அவமதிப்பன்று. வாயில்லாதவர்க்கு நாம் பட்ட கடன். பிள்ளையை நம்மிடம் விட்டுச் செல்லும் தாய் தொண்டனை நம்பி விடவில்லை. அவனை அவள் அறியாள். சங்கத்தின் பெயர்ப்பலகையை நம்பி விடுகிறாள். நாம் பெருந்தன்மையோடு ஒருவனை நம்பலாம். ஆனால் அந்த நம்பிக்கை பிழைத்தால் விலை கொடுப்பவள் அவள் மகளாயின், அது நம்முடைய பெருந்தன்மை ஆகுமா? பிறர் கைப்பொருளைத் தானம் செய்வது அன்றோ அது!

எதைக் கேட்பது என்பதில் அதிக மயக்கமில்லை. முன்பு எங்கே உழைத்தீர், ஏன் விலகினீர், உறவினரல்லாத எவர் உம்மை அறிவர் என்னும் மூன்று போதும். அவ்விருவரிடம் தாளிற் சான்று வாங்குவதைக் காட்டிலும் நேரிற் சென்றோ தொலைபேசியிலோ, “இவரை மறுபடியும் உங்கள் சங்கத்தில் சேர்த்துக்கொள்வீர்களா?” என்று கேட்பது மேல். தாளில் எல்லாரும் உத்தமரே. பேச்சில் ஒரு தயக்கம் வரும். அத்தயக்கத்தைத்தான் நாம் கேட்கவேண்டும். ஊர், குலம், குடும்பம் பற்றிய கட்டம் அத்தாளில் இருக்கவே கூடாது. மூன்று மாதம் மற்றொருவரோடு சேர்ந்து பணிசெய்யட்டும். தலைவரோ, தலைவரின் மகனோ, எவராயினும் பிள்ளையோடு தனித்திருத்தல் ஆகாது என்ற விதி வகுப்பறைச் சுவரில் எழுதப்பட்டிருக்கட்டும்.

அரசாங்கமும் சில வழிகளைத் திறந்துள்ளது. மலேசியாவில் சிறார்க்கெதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017 இல் வந்தது. அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமலிருப்பது அச்சட்டத்தின்படி குற்றம். சிறாரிடம் குற்றம் புரிந்து தண்டனை பெற்றோரின் பதிவேட்டைச் சமூகநலத் துறையின் வழியே சரிபார்க்கும் ஏற்பாடு 2019 இல் தொடங்கிற்று. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் அப்பதிவேட்டில் இருப்போர் அகப்பட்டுத் தண்டனை பெற்றோர் மட்டுமே. யான் மாலையிட்டவரின் பெயர் அப்போது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருக்காதபடி செய்தவர்கள் நாங்களும் எங்களுக்கு முந்தியவர்களுமே.

ஒரு ஐயம் எஞ்சுகிறது. முன்பொருகால் குற்றம் செய்து சிறை மீண்டவன் தொண்டாற்ற வந்தால் அவனைத் துரத்துவதா? சீர்திருத்தம் பேசும் நாம் மனிதன் திருந்துவான் என்பதை நம்பாவிடில், நம் பேச்சுக்குப் பொருளே இல்லை. சிங்கப்பூரில் 2004 இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் இயக்கம் சிறை மீண்டோரை ஏற்குமாறு மக்களைக் கேட்டது. சிறு குற்றம் புரிந்தவர் குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தால் அப்பதிவு கழிந்ததாகக் கொள்ளும் சட்டமும் அங்குண்டு. பெருங்குற்றங்களுக்கு அச்சலுகை இல்லை. இது நல்ல அறிவு. கேட்க வேண்டியது “நீ குற்றவாளியா?” என்பதன்று; “இந்த வேலைக்கு நீ தடையா?” என்பதே. இளமையிற் கும்பற் சண்டையிற் சிறை சென்று, பதினைந்தாண்டு குடும்பத்தோடு அமைதியாய் வாழ்பவன் முதியோரைக் காரில் ஏற்றிச் செல்ல என்ன தடை? கையாடல் செய்தவன் உணவு பொட்டலம் கட்டலாம்; பெட்டிச் சாவி மட்டும் வேண்டாம். சிறுவரைக் கெடுத்தவன் திருந்தியே இருக்கலாம். மெய்யாகத் திருந்தியவன் சிறுவரிடையே இடம் கேட்கமாட்டான். இதில் யான் கடுமையானவன் என்பார் சொல்லிக்கொள்ளட்டும்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியபோது, படகு கொண்டுவந்தவனை யாரும் சான்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மடமை. கூரைமேல் நிற்பவனுக்குக் கைகொடுக்க ஒரு கையே தகுதி. வேலையின் தன்மைக்கேற்ப விசாரணை மிகுவதும் குறைவதும் இயல்பு. நாற்காலி சுமப்பவனை அரை நாழிகை குடைந்து, பிள்ளைகளை ஒப்படைக்கப் போகிறவனிடம் எத்தனை நாள் வருவாய் என்று மட்டும் கேட்பதே தலைகீழ். தலைகீழாய் நின்றவன் சொல்லுகிறேன்.

தீர்மானம் அடுத்த கூட்டத்தில் மீண்டும் படிக்கப்படும். புதியவர் மட்டுமன்றி, அக்கிராசனர் முதல் அனைவரும் அத்தாளை எழுதித் தரவேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவர எண்ணியுள்ளேன். எல்லாரும் எழுதினால் எவருக்கும் தலைகுனிவு இல்லை. பெரியவரின் வீட்டுக்கு நாளை சென்று, இந்தக் கட்டுரையின் நடுவிற் சொன்னதை அவரிடம் நேரில் சொல்லப்போகிறேன். என் தாளை எழுதி முடித்துவிட்டேன். முன்னர் எங்கே தொண்டு செய்தீர், ஏன் விலகினீர் என்ற இரண்டாவது கேள்விக்கு விட்டிருந்த இடம் போதாமல், பின்பக்கத்திலும் எழுதியிருக்கிறேன்.